எஸ்எஸ்டிய ‘டிஸ்க்’னு சொல்லலாமா? வன்வட்டும் திண்மநிலைச் சேமிப்பகமும்

கடைக்குப் போய் "அண்ணே, 500 ஜிபில ஒரு எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் குடுங்க"ன்னு கேக்கறவங்க இன்னைக்கும் நெறைய பேர் இருக்காங்க, கடைக்காரரும் அதே பேரைச் சொல்லித்தான் எடுத்துக் குடுக்கறார். ஆனா எஸ்எஸ்டிக்குள்ள, அதாவது ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’க்குள்ள, டிஸ்க்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பேருல என்ன இருக்கு, சிஸ்டம் ஓடினா சரின்னு விட்டுடலாம்தான், இருந்தாலும் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டிங்கற இந்த ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாத்தா எதை எதுக்கு வாங்கணும், எதை எவ்வளவு நம்பலாம்னு பாதி விஷயம் அதுலயே வந்துடும்.

முதல்ல டிஸ்க். கிரேக்கத்துல ‘டிஸ்கோஸ்’னா விளையாட்டு வீரர்கள் வீசி எறியற வட்டத் தகடு, அது லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, சாப்பிடற ‘டிஷ்’ஷும் எழுதற ‘டெஸ்க்’கும்கூட அதே வேர்லேந்து வந்ததுதான். நம்ம பக்கம் அந்த விளையாட்டுக்குப் பேரு வட்டெறிதல். அதனால டிஸ்க்குக்கு ‘வட்டு’ன்னு வச்சவங்க ரொம்ப சரியான எடத்துல கை வச்சிருக்காங்க, ஏன்னா வட்டு ஒண்ணும் கம்ப்யூட்டருக்காகப் புதுசா பண்ணின சொல் இல்ல, "அரங்கின்றி வட்டாடி யற்றே"ன்னு 401ஆவது குறள்லயே இருக்கு, கட்டம் போடாம காய் உருட்டி ஆடறதப் பத்தி வள்ளுவர் சொல்றது.

ஹார்ட் டிஸ்க்கை சிலர் வன்தட்டுன்னு எழுதறாங்க. அது தப்பில்ல, ஆனா எனக்கு வட்டுதான் புடிக்கும், அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. ஹார்ட் டிஸ்க்கைத் தொறந்து பாத்தீங்கன்னா உள்ள ஒண்ணு மேல ஒண்ணா பளபளன்னு தட்டுங்க இருக்கும், அதுக்கு இங்கிலீஷ்ல தனியா ‘பிளாட்டர்’னு பேரு. தட்டுங்கறத அதுக்கு வச்சுக்கிட்டு மொத்த சாமானையும் வட்டுன்னு சொன்னா குழப்பமே வராது.

சரி, அந்த ‘ஹார்ட்’ எங்கேந்து வந்துச்சு? 1956ல ஐபிஎம் கம்பெனி ராமாக் 305ங்கற கம்ப்யூட்டரோட உலகத்தோட மொத டிஸ்க் சேமிப்பைக் கொண்டு வந்தாங்க, 24 அங்குல அகலத்துல 50 தட்டு, எடை கிட்டத்தட்ட ஒரு டன், ஆனா மொத்தமா 50 லட்சம் எழுத்துதான் புடிக்கும், இன்னைக்கு போன்ல எடுக்கற ஒரு போட்டோவுக்கே பல நேரம் பத்தாது. அப்ப அதை யாரும் ஹார்ட்னு சொல்லல, வெறும் டிஸ்க்தான். 1971ல அதே ஐபிஎம் வளையற பிளாஸ்டிக் ஃபிலிம்ல ஃப்ளாப்பி கொண்டு வந்தாங்க, வளையறது ஒண்ணு வந்ததுக்கு அப்புறம்தான் அலுமினியத்தட்டு வச்ச பழையதுக்கு ஹார்ட்ங்கற அடைமொழி தேவைப்பட்டுச்சு. தமிழ்லயும் அதே ஜோடி அழகா அமைஞ்சிருக்கு, ஃப்ளாப்பி நெகிழ்வட்டு, ஹார்ட் டிஸ்க் வன்வட்டு. மென்பொருள் வன்பொருள்னு ஏற்கனவே பழகின காதுக்கு இது தானா வந்து ஒட்டிக்கும்.

நிலைவட்டுன்னும் ஒரு சொல் இருக்கு. கழட்டி மாத்த முடியாம உள்ளயே நிலையா இருக்கறதுங்கற அர்த்தம் அதுல, 1983ல வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டில 10 எம்பி டிஸ்க்கை ‘ஃபிக்ஸ்ட் டிஸ்க்’னுதான் சொன்னாங்க, அதுக்கு இது பொருத்தம். ஆனா எஸ்எஸ்டிக்கு திண்மநிலைன்னு சொல்லப் போறோமே, அங்க வர்ற ‘நிலை’ வேற, இங்க வர்ற ‘நிலை’ வேற, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா படிக்கறவங்க தடுமாறுவாங்க. அதனால வன்வட்டே போதும்.

டிரைவ்ங்கற சொல்லையும் பாத்துடலாம். டிஸ்க்கை மோட்டார் வச்சு சுத்த விடற மெஷினுக்குத்தான் டிரைவ்னு பேரு, ஃப்ளாப்பி காலத்துல டிஸ்க் கைல இருக்கும், டிரைவ் பெட்டிக்குள்ள இருக்கும், ரெண்டும் வேற வேற. ஹார்ட் டிஸ்க்ல ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள போயிட்டதால பேரும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு. இதை தமிழ்ல ‘இயக்கி’ன்னு போடறாங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஏன்னா பிரிண்டருக்கு டிரைவர் போடறோமே அந்த டிரைவருக்கும் இயக்கின்னுதான் எழுதறோம். அதுவும் இல்லாம எஸ்எஸ்டில சுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல, மோட்டாரும் இல்ல, இங்கிலீஷ்ல பழைய பேரு அப்படியே தொத்திக்கிட்டு வந்துடுச்சுங்கறதுக்காக நாமளும் தூக்கிச் சுமக்கணுமா?

இதோட சேர்த்து ‘சி டிரைவ்’ கதையும் சொல்லிடறேன். ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கின எழுத்து, மொத ஹார்ட் டிஸ்க்குக்கு கெடைச்சது சி. ஃப்ளாப்பி போயி எவ்வளவோ வருஷம் ஆச்சு, எழுத்து மட்டும் மாறல. நம்ம வீடுகள்ல "முக்கியமான போட்டோ எல்லாம் டி டிரைவ்ல போட்டு வை, அது சேஃப்"னு சொல்றது ரொம்ப சகஜம். விண்டோஸ் திரும்பப் போடறப்ப சியை மட்டும் அழிச்சா டி தப்பிக்கும், அது வரைக்கும் சரி. ஆனா பெரும்பாலான வீட்டு சிஸ்டத்துல சியும் டியும் ஒரே வட்டை ரெண்டா பிரிச்சதுதான், வட்டு போச்சுன்னா ரெண்டும் சேர்ந்தேதான் போகும். டிரைவ்னு பேரு இருக்கறதால தனி சாமான்னு நெனச்சுடறாங்க, இந்த ஒரு சொல்லால போன கல்யாண போட்டோ எவ்வளவோ!

இப்ப ‘சாலிட் ஸ்டேட்’. நான் இதை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

சாலிட்னா கெட்டி, உறுதி, அதனால இது கெட்டியான டிஸ்க், லேசுல கெடாதுன்னு நெறைய பேர் மனசுல பதிஞ்சிருக்கு. ‘திட நிலை’ன்னு தமிழ்ல எழுதினா இன்னும் மோசம், ஏன்னா நம்ம பேச்சுல "உடம்பு திடமா இருக்கு", "மனத்திடம்"னா உறுதின்னுதான் அர்த்தம். ஆனா இந்தப் பேருக்கும் உறுதிக்கும் சம்பந்தமே இல்ல, இது ரேடியோ காலத்துப் பேரு. பழைய வால்வு ரேடியோவுல கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ள காத்தை உறிஞ்சி எடுத்திருப்பாங்க, அந்த வெற்றிடத்துல எலக்ட்ரான் பாஞ்சுதான் வேலை நடக்கும், அதனாலதான் சுவிட்ச் போட்டா சூடாகி பாட்டு வர கொஞ்ச நேரம் புடிக்கும். 1947 கடைசில பெல் ஆய்வுக்கூடத்துல பார்டீனும் பிராட்டெய்னும் டிரான்சிஸ்டரைக் கண்டுபுடிச்சாங்க, அவங்க குழுவுல இருந்த ஷாக்லிக்கும் சேர்த்து 1956ல நோபல் குடுத்தாங்க. டிரான்சிஸ்டர்ல குழாயும் இல்ல வெற்றிடமும் இல்ல, ஒரு திண்மப் பொருளுக்குள்ளயே, அதாவது ஜெர்மேனியம் இல்லன்னா சிலிக்கான் துண்டுக்குள்ளயே எலக்ட்ரான் நகரும். அதைத்தான் சாலிட் ஸ்டேட்னு சொன்னாங்க, அப்புறம் வந்த ரேடியோ டிவி மேலயெல்லாம் பெருமையா அந்தப் பேரைப் பொறிச்சு வித்தாங்க.

ஆக ‘சாலிட்’ங்கறது வெற்றிடத்துக்கு எதிர்ச்சொல். அந்தப் பேருதான் பிற்பாடு சேமிப்புக்கும் வந்துச்சு, மோட்டார், தகவலைப் படிக்கற முள், தட்டுன்னு அசையற பாகம் எதுவுமே இல்லாம வெறும் சிப்லயே தகவலை வைக்கறதுன்னு. இன்னைக்கு எஸ்எஸ்டிக்குள்ள இருக்கறது ஃப்ளாஷ் மெமரி, தோஷிபால வேலை பாத்த ஃபூஜியோ மசுவோகா கண்டுபுடிச்சது, நாம உபயோகிக்கற நாண்ட் வகை 1987ல வெளிவந்துச்சு. ஒரு பெரிய பகுதியையே ஒரே அடில அழிச்சுடும், அது கேமரா ஃப்ளாஷை ஞாபகப்படுத்துதுன்னு அவரோட சக ஊழியர் ஒருத்தர் சொல்லப் போயி அந்தப் பேரு வந்துச்சு. 1991ல அப்ப சன்டிஸ்க்னு இருந்த, பிற்பாடு சான்டிஸ்க்னு மாறின கம்பெனி 20 எம்பில ஃப்ளாஷ் எஸ்எஸ்டி செஞ்சாங்க, விலை சுமார் 1,000 டாலர்.

உள்ள என்ன நடக்குதுன்னா, மின்சாரம் கடத்தாத பொருளுக்கு நடுவுல இத்துணூண்டு அறைல எலக்ட்ரானை அடைச்சு வைக்கறாங்க, எவ்வளவு அடைச்சிருக்குங்கறதுதான் தகவல். டிஎல்சின்னு போட்டிருந்தா ஒரு அறைல 3 பிட், அதாவது 8 அளவை வித்தியாசம் கண்டுபுடிக்கணும், க்யூஎல்சின்னா 4 பிட், 16 அளவு. ஒவ்வொரு தடவை அழிச்சு எழுதறப்பவும் அந்த அறையோட சுவர் கொஞ்சம் கொஞ்சமா தேயும், அதனாலதான் டப்பால டிபிடபிள்யூன்னு மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. சாதாரண வீட்டு வேலைக்கு அதைத் தொடறதுக்குள்ள சிஸ்டமே பழசாயிடும், பயப்பட வேணாம். ஆனா கரண்டே குடுக்காம வருஷக்கணக்கா பீரோவுல வச்சா அடைச்ச எலக்ட்ரான் மெல்ல கசியும். எழுதற கணக்கு முழுசா தீந்துபோன எஸ்எஸ்டி, 30 டிகிரில கரண்ட் இல்லாம ஒரு வருஷம் தகவலைத் தாங்கணுங்கறதுதான் வீட்டு வகைக்கு ஜெடெக்ங்கற சிப் தர நிர்ணய அமைப்பு வச்சிருக்கற அளவுகோல். புதுசு இதைவிட நெறைய தாங்கும், சூடு கூடினா தாங்கற காலம் கொறையும். ‘சாலிட்’ங்கற பேரை நம்பி இதுல போட்டோவைப் போட்டு மூட்டை கட்டி வைக்கறவங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவா சொல்றேன்.

எது வாங்கறது? விண்டோஸோ லினக்ஸோ, ஓஎஸ் இருக்கற எடம் எஸ்எஸ்டியாதான் இருக்கணும், இதுல ரெண்டு பேச்சுக்கு எடமில்ல. வன்வட்டு கிராமபோன் மாதிரி, முள் சரியான எடத்துக்கு நகரணும், தட்டு சுத்தி வரணும். நிமிஷத்துக்கு 7,200 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்ட், முள் நகர்ற நேரமும் சேத்தா செகண்டுக்கு ஏறத்தாழ 100 எடத்துலேந்துதான் படிக்க முடியும். பெரிய சினிமா ஃபைல் ஒண்ணை வரிசையா படிச்சா 150, 200 எம்பி வேகம் தாராளமா வரும், ஆனா விண்டோஸ் பூட் ஆகறப்ப தேவைப்படறது அங்கங்க செதறிக் கெடக்கற ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டு, 4 கேபி 4 கேபியா 100 எடம்னா கணக்குப் போட்டுப் பாருங்க, செகண்டுக்கு அரை எம்பிகூட வராது. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு நிக்கறது பல நேரம் இதனாலதான். எஸ்எஸ்டில நகர்றதுக்கு எதுவுமே இல்லாததால அந்தக் காத்திருப்பே கிடையாது, சாட்டாங்கற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி வரிசையா படிக்கறப்ப செகண்டுக்கு 550 எம்பி, என்விஎம்இங்கற புது வகைன்னா 3,500, 7,000னு போகும். வீட்டு உபயோகத்துல வன்வட்டுலேந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறறப்ப தெரியற வித்தியாசம் மலையளவு, சாட்டாலேந்து என்விஎம்இக்கு மாறினா அந்த அளவுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுல 2011லேந்து பசங்களுக்குக் குடுத்த இலவச லேப்டாப்ல ஆரம்பத்துல வந்ததெல்லாம் வன்வட்டுதான், நெறைய வீட்டுல அது இப்ப ஸ்லோன்னு மூலைல கெடக்கும். தூக்கிப் போடாதீங்க. அதுல 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டா படிக்கற பசங்களுக்கு டைப் பண்ணவும் பிரவுஸ் பண்ணவும் நல்லாவே உதவும். மதர்போர்டுலயே நேரா சொருகற எம்.2ங்கற குச்சி மாதிரி எஸ்எஸ்டி வாங்கறதா இருந்தா மட்டும் ஒரு ஜாக்கிரதை, ஒரே அளவு ஒரே ஷேப்ல சாட்டாவும் இருக்கு என்விஎம்இயும் இருக்கு, உங்க மதர்போர்டு எதை ஏத்துக்கும்னு மேனுவல்ல பாத்துட்டுக் காசு குடுங்க.

வன்வட்டை ஒதுக்கிடலாமான்னா அதுவும் கூடாது. ஒரு டிபிக்கு ஆகற காசு அதுலதான் இன்னமும் கம்மி, சினிமா, சிசிடிவி பதிவு, பேக்கப் இதுக்கெல்லாம் அதுவே போதும். கெடறப்பவும் பல நேரம் டிக் டிக்னு சத்தம் குடுத்து, ஸ்லோவாகி எச்சரிக்கும், தெரியாம அழிச்ச ஃபைலையும் மீட்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டில டிரிம்னு ஒரு கட்டளை, அழிச்ச எடத்தை சிப்லேந்தே காலி பண்ணச் சொல்லிடும், அப்புறம் எந்த மீட்பு சாஃப்ட்வேர் போட்டும் பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது. ஆனா வன்வட்டு ஓடறப்ப கீழ விழுந்தா கதை முடிஞ்சுது, முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கறது சில நானோ மீட்டர் எடைவெளிதான்.

இனி சொல். எஸ்எஸ்டிக்கு நான் எழுதறது திண்மநிலைச் சேமிப்பகம். திண்மைன்னாலும் உறுதின்னு ஒரு அர்த்தம் இருக்கத்தான் செய்யுது, "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்"னு படிச்சிருக்கோமே, இருந்தாலும் இன்னைக்குப் பேச்சுல திடம் அளவுக்கு அது பொழங்கறதில்ல, அதோட இலங்கைப் பாடப்புத்தகத்துல திண்மம், திரவம், வாயுன்னு அறிவியல் சொல்லாவே நல்லா ஊறிப்போச்சு. நினைவகம்னு முடிச்சா ரேமோட கலந்துடும், இப்பவே "எங்க லேப்டாப்புக்கு 512 ஜிபி மெமரி"ன்னு சொல்றவங்க இருக்காங்க. வட்டுன்னு முடிச்சா பொய். பேச்சுல எஸ்எஸ்டின்னே சொல்லுங்க, அது தமிழ்நாடு முழுக்க எல்லாருக்கும் புரியுது. எழுதறப்ப, முக்கியமா பசங்க படிக்கற பாடத்துல எழுதறவங்க, மொத தடவை திண்மநிலைச் சேமிப்பகம்னு எழுதி, பக்கத்துலயே வெற்றிடக் குழாய் கதையையும் ரெண்டு வரி சேத்துடுங்க.