நாட்: ஷேவிங் பிரஷின் மயிர்க்கற்றை

பழைய ஷேவிங் பிரஷ் கைப்பிடிக்குப் புதிதாக மயிர் பொருத்த நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'நாட்'. விற்கிறவர்கள் 'டூ பேண்ட் பேட்ஜர் நாட், 24/50, பல்ப்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அகராதியைப் புரட்டினால் நாட் என்றால் முடிச்சு என்று இருக்கும். பிரஷில் முடிச்சு எங்கே இருக்கிறது? உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

செய்முறையைப் பார்த்தால் புரிந்துவிடும். தரம் பிரித்துச் சீவிய மயிரை எடை பார்த்து எடுத்து, கிண்ணம் போலக் குழிந்த சிறிய அச்சுக்குள் நுனி கீழாக இறக்கித் தட்டுவார்கள். குழியின் வடிவத்துக்கு ஏற்ப நுனிகள் அமர்ந்துகொள்ளும். அப்புறம் வேர்ப்பக்கத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, அடியைச் சமமாக வெட்டிப் பசையில் தோய்ப்பார்கள். நுனியில் கத்தரி படக்கூடாது. இயற்கையாகக் கூர்ந்து மெலியும் நுனிதான் முகத்துக்கு மென்மை, வெட்டிய நுனி குத்தும். ஆக, நூலால் கட்டி, பசையால் இறுகி, கைப்பிடியின் குழியில் உட்காரும் இந்த முழுக் கட்டுக்குத்தான் நாட் என்று பெயர்.

இது சவரத்துக்கென்று பிறந்த சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'க்னாட்டா' என்று இருந்தது, ஜெர்மன் மொழியின் 'க்னோட்டென்' இதற்கு உறவு, பின்னலைக் குறிக்கும் 'நிட்' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். இங்கிலாந்தின் பிரஷ் தொழிலாளிகள் பன்றிமயிரை ஒரு பிடி எடுத்து, காய்ச்சிய கீலில் தோய்த்து, நூலால் சுற்றிக் கட்டி, மறுபடி தோய்த்து, கட்டையில் இருக்கும் துளைக்குள் திருகிச் செருகுவார்கள். அப்படிச் செருகும் ஒவ்வொரு பிடியும் ஒரு நாட். சுவருக்கு வண்ணம் பூசும் பிரஷை 'இரண்டு நாட் பிரஷ்' என்று எண்ணிச் சொல்கிற வழக்கமும் அங்கே இருந்தது. ஷேவிங் பிரஷில் ஒரே ஒரு துளை, ஒரே ஒரு கட்டு. எண்ண வேண்டிய தேவை போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மற்ற மொழிக்காரர்கள் வேறு இடத்தைப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தாலியர்களுக்கு இது 'சூஃபோ', அதாவது குடுமி போன்ற மயிர்க்கொத்து. பிரெஞ்சில் ஷேவிங் பிரஷ் முழுவதுக்குமே 'பிளேரோ' என்று பெயர், மயிர் தருகிற பேட்ஜர் என்ற விலங்கின் பெயரும் அதேதான். கட்டிய செயலை ஆங்கிலமும், கண்ணில் படும் தோற்றத்தை இத்தாலியமும், மயிர் வந்த இடத்தைப் பிரெஞ்சும் எடுத்துக்கொண்டன.

சரி, தமிழில்? 'முடிச்சு' ஒத்துவராது. கயிற்றில் போடும் முடிச்சுக்கு நீளம், பருமன், அடர்த்தி எதுவும் கிடையாது, இங்கே பேசுவதெல்லாம் அந்த மூன்றைத்தான். 'குஞ்சம்' தொங்குகிற பொருள், பிரஷ் மயிரோ நிமிர்ந்து நிற்க வேண்டும். பொருளால் மிக நெருங்கி வருவது 'முடி'. நாற்றங்காலில் பறித்த நாற்றைப் பிடியளவு சேர்த்துக் கட்டினால் அதை நாற்றுமுடி என்கிறோம். கட்டும் செயலையும் கட்டப்பட்ட பிடியையும் ஒரே சொல் சுமக்கிறது, ஆங்கில நாட்டும் அப்படியே. ஆனால் மயிருக்கும் முடி என்றே பெயர் என்பதால் 'இந்த முடி நல்ல முடி' என்று எழுதினால் எந்த முடி என்று கேள்வி வரும். அதனால் 'கற்றை' என்பதே என் தேர்வு. வைக்கோல் கற்றை, கூந்தல் கற்றை, கற்றைச்சடை என்று நெடுங்காலமாகப் புழங்குகிற சொல், ஒன்றாகச் சேர்த்த இழைகள் என்ற பொருள் யாருக்கும் விளக்காமலே விளங்கும். முதல் முறை எழுதும்போது மயிர்க்கற்றை என்றும் பிறகு வெறும் கற்றை என்றும் எழுதலாம். மயிர் என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை, மயிர்க்கால், மயிரிழை என்று தினமும் எழுதுகிறோம்.

'பேட்ஜர்' தமிழில் வளைக்கரடி. வளை தோண்டி வாழ்வதால் அந்தப் பெயர், கரடிக் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை, நீர்நாய் இருக்கும் குடும்பம் அது. இந்தியக் காடுகளில் இருக்கும் தேன் வளைக்கரடி வேறு விலங்கு, அதன் மயிரில் இந்த பிரஷ்களைச் செய்வதில்லை. சந்தைக்கு வரும் வளைக்கரடி மயிரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி வளைக்கரடியைக் கொல்வதும் வதைப்பதும் குற்றம். சீனாவில் அவற்றைப் பொறிவைத்துப் பிடிப்பதையும் பண்ணைகளில் கூண்டுகளில் அடைத்து வளர்ப்பதையும் பீட்டா அமைப்பு 2018-இல் படமெடுத்து வெளியிட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் கற்றைகளை ஒப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒப்பீட்டுக்கு வருவோம். ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று ரகப் பெயர்கள் இருக்கின்றன. பொதுவாக ப்யூர் என்பது கருமை கூடிய, கொஞ்சம் முரட்டு மயிர். மேலே போகப் போக நுனி வெளுத்து மென்மையாகும், சில்வர்டிப்பில் வெளுத்த நுனிகள் விரிந்து நின்று நீரை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பொதுத் தரம் என்று எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் பெஸ்ட் இன்னொன்றின் சூப்பரைவிட நன்றாக இருக்கலாம், ஆகவே ரகப் பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பட்டைக் கணக்கு இதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் அதைக் கண்ணால் சரிபார்க்கலாம். அடி வெளுப்பு, நடுவில் கறுப்பு, நுனி வெளுப்பு என்றால் முப்பட்டை. அடிப்பக்கம் கறுத்து நுனி மட்டும் வெளுத்திருந்தால் இருபட்டை. இருபட்டையில் பெரும்பாலும் விறைப்பு அதிகம், கட்டி சோப்பிலிருந்து நுரை எடுக்க நன்றாக வரும். முப்பட்டை வளைந்து கொடுக்கும், குழைவான க்ரீமுக்கு அது போதும். இந்த விறைப்பைத்தான் ஆங்கிலத்தில் முதுகெலும்பு என்கிறார்கள், நாம் அதைப் பெயர்க்கத் தேவையில்லை, விறைப்பு என்றாலே சரியாகப் புரிகிறது.

எண்களுக்கு வந்தால், 24/50 என்பதில் 24 அடிவிட்டம், 50 'லாஃப்ட்', இரண்டும் மில்லிமீட்டரில். லாஃப்ட் என்றால் நம் வீடுகளில் பரண், இங்கே கைப்பிடி விளிம்பிலிருந்து நுனி வரை உள்ள உயரம். 'கற்றை உயரம்' என்று சொல்லிவிடலாம். உயரம் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பது பலருக்கும் ஒத்துவரும், அதைவிடக் குறைந்தால் விறைப்பு கூடும். எண்கள் சொல்லாத விஷயம் இரண்டு. ஒன்று அடர்த்தி: ஒரே அளவுள்ள இரண்டு கற்றைகளில் ஒன்று பஞ்சாகத் தொய்ந்தும் மற்றது கெட்டியாக நிமிர்ந்தும் இருப்பது சாதாரணம், மயிரை எவ்வளவு திணித்தார்கள் என்பதே காரணம். இன்னொன்று பசைமேடு. அடியில் தோய்த்த பசை மயிருக்குள் ஏறி உள்ளே கட்டியாக நின்றுவிட்டால், வெளியே 50 மி.மீ. தெரிந்தாலும் வளைகிற நீளம் அதைவிடக் குறைவுதான். விரலால் அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தால் தெரியும். வடிவத்தில் பல்ப் என்பது குமிழ், ஃபேன் என்பது விசிறி. குமிழில் நடு எடுப்பாக இருப்பதால் கன்னத்தில் குறிபார்த்துத் தேய்க்கலாம், விசிறி அகலமாகப் பூசும்.

பழைய பிரஷைப் புதுப்பிக்கும்போது கற்றையை மாற்றுவதற்கு அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதல் உலகப் போர் சமயத்தில் வளைக்கரடி மயிர் வரத்து தடைபட்டபோது, அதைப் போலச் சாயமிட்ட குதிரைமயிரில் பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த மயிரிலிருந்து அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோய் சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் பரவியது. பிரிட்டன் 1919-இல் அடைப்பான் பரவலைத் தடுக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கைப்பிடிகள் சிலவற்றில் 'ஸ்டெரிலைஸ்டு' என்று பொறித்திருப்பதன் பின்னணி இதுதான். இன்று ஆபத்து மிகக் குறைவு என்றாலும், வயது தெரியாத மயிரை முகத்தில் தேய்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மாற்றும் வேலை பொறுமை கேட்கும். பழைய மயிரை விளிம்போடு வெட்டி, மிச்சத்தைத் துளைக்கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்து, குழியை அளந்த பிறகே கற்றைக்குச் சொல்ல வேண்டும். பலர் கற்றையை முதலில் வாங்கிவிட்டு அதற்காகக் கைப்பிடியைப் பெரிதாகக் குடைகிறார்கள், மெல்லிய பழைய பிளாஸ்டிக் அதில் விண்டுபோகும். பசை போடுவதற்கு முன் குழியின் அடியில் வாஷர்களை அடுக்கி உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், 2 மி.மீ. ஆழம் கூடினாலே விறைப்பு மாறுவது கையில் தெரியும். உயரம் பிடித்த பிறகு எபாக்சி பசை போட்டு ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் போதும்.

செயற்கை இழையில் செய்த கற்றைகளும் இதே அளவுகளில் கிடைக்கின்றன, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. இன்று புதிதாக ஒன்று வாங்க என்னிடம் யோசனை கேட்டால் அதைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும், 'அடிவிட்டம் 24, கற்றை உயரம் 50, இருபட்டை, குமிழ் வடிவம்' என்ற விவரத்தோடு பசைமேடு எவ்வளவு உயரம் என்பதையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.