பொடி வைத்து ஊதும் இடத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது?

காரைக்குடியில் நுரையீரல் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, தை மாதக் கல்யாணங்களுக்கு முந்தைய வாரங்களில் நகை வேலை செய்யும் பத்தர்கள் இருமலோடு வந்து அமர்வது பழகிய காட்சி. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில் வந்தவரின் நிலை அப்படிப்பட்டதன்று. ஐம்பது வயதைத் தாண்டிய அவரை மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். நடுக்கம், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல் எல்லாம் இருந்தன. பருவக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடத் தோன்றும் அறிகுறிகள்தாம். மதியம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, பழைய சங்கிலிகளில் விட்டுப்போன பற்றுகளை, அதாவது ஒட்டிய இணைப்புகளை, பொடி எனப்படும் ஒட்டு உலோகத்தூள் வைத்து, சுடரை ஊதி மறுபடி ஒட்டியதாகச் சொன்னார். “நான் வைக்கிற பொடியில காட்மியம் கிடையாது டாக்டரம்மா, அதை விட்டு ரொம்ப வருசமாச்சு” என்றும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. அவருடைய பொடியில் காட்மியம் இல்லை. பழுது பார்க்க வந்த பழைய நகையின் பற்றில் இருந்தது. காட்மியம் கலந்த பற்றால் ஒட்டி, கேடிஎம் என்ற பெயரில் ஒரு காலத்தில் பெருமையாக விற்கப்பட்ட நகைகள் இன்னும் வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. கல்யாணம் கூடினால் அவை பட்டறைக்கு வரும். காட்மியம் என்ற இந்த உலோகம் 321 பாகை செல்சியஸில் உருகி 767 பாகையில் கொதித்து ஆவியாவது. எரிவாயுச் சுடர் அந்த வெப்பத்தை எளிதாகக் கடந்துவிடுகிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கும்போது பெரும்பாலும் பெரிய எரிச்சல் தெரியாது. நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்தே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தொடங்கும். துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சலும் முதல் சில மணி நேரத்தில் இதே முகத்தைத்தான் காட்டும், ஆனால் அது ஓரிரு நாளில் தணிந்துவிடும். காட்மியமோ நுரையீரலில் நீர் கோக்கச் செய்து உயிரையே பறிக்கக்கூடும். சிறிது சிறிதாக உள்ளே போனாலும் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கி அதைக் கெடுக்கும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1993இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. அந்தப் பத்தரின் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் நிழல் படர்ந்திருந்தது. மதுரைக்கு அனுப்பி, ஒன்பது நாள் பிராணவாயு வைத்த பிறகுதான் அவர் வீடு திரும்பினார்.

அவர் குணமான பின் பட்டறையைப் போய்ப் பார்த்தேன். முற்றமும் பட்டாலை என்னும் கூடமும் கொண்ட, தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பழைய செட்டிநாட்டு வீடு. வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே ஏற, முன்வாசலிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும்படி முன்னோர் கட்டியது. இப்படிப்பட்ட வீட்டில் காற்றோட்டத்துக்கு என்ன குறை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அவர் வேலை செய்தது ஓரத்து அறையில். சன்னலின் இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. காற்று அடித்தால் சுடர் ஆடும், பொன்துகள் பறந்து போகும் என்பதால் பத்தர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மருத்துவர் அந்தத் தொழிலை அறியாதவர். வீட்டுக்குக் காற்று வருவது வேறு. புகை மூக்கை எட்டும் முன் அதைப் பிடித்து வெளியே அனுப்புவது வேறு. பட்டறைக்கு வேண்டியது இரண்டாவது.

மேற்கூரையை ஒட்டி அவர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியிருந்தார். மேசையிலிருந்து புறப்படும் புகை அதை நோக்கி ஏறும் வழியில் இருப்பது, குனிந்து ஊதுகிறவரின் முகம். எனவே புகையை உறிஞ்சும் குழாயின் வாய் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. சுடருக்குப் பின்னால், மேசை மட்டத்தில், நமக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். உறிஞ்சும் விசை தூரத்தால் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. வாயின் அகலம் 12 அங்குலம், உயரம் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புகையைப் பிடிக்க, அது கிளம்பும் இடத்தில் காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் நகர்ந்தால் போதும். சுடருக்கும் வாய்க்கும் இடைவெளி 6 அங்குலம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 325 கன அடி காற்றை இழுத்தால் அந்த வேகம் கிடைக்கும். இடைவெளி ஓர் அடியானால் சுமார் 1,075 கன அடி இழுக்க வேண்டும். ஆறு அங்குலம் தள்ளி வைத்த குற்றத்துக்கு மும்மடங்குக்கு மேல் பெரிய விசிறி வாங்க நேர்கிறது! அந்த வேகம் நொடிக்கு அரை மீட்டர்தான். டேபிள் ஃபேன் அடிப்பதுபோல் சுடரை அலைக்கழிக்காது, கனமான அரத்தூளைத் தூக்கிக்கொண்டும் போகாது. இதை விளக்கிய பிறகே அந்தப் பத்தர் சம்மதித்தார்.

விசிறிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு, குழாய் எதுவும் இணைக்காத நிலையில் சொல்லப்படுவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட குழாய் வழியே தள்ள இறக்கை விசிறியால் முடியாது, அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் புளோயர் வேண்டும். குழாய் வழவழப்பான தகரமாக, குறைந்த வளைவுகளோடு, கூரைக்கு மேலே போய் முடிய வேண்டும். அதன் முனையை முற்றத்தில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள எல்லா அறைகளும் அதன் காற்றையே குடிக்கின்றன. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதையேதான்.

ஏசி பொருத்திய அறையில் கரிக் குமுட்டி வைப்பதை நான் கடுமையாகத் தடுக்கிறேன். வீட்டு ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது; புதிய காற்று எதையும் கொண்டுவருவதில்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மாலையில் தலை வலித்து, வெளியே நடந்து வந்தால் தெளிகிறது என்றால் அந்த அறையைச் சந்தேகியுங்கள். எரிவாயு சிலிண்டரை அறைக்கு வெளியே வைப்பது நல்லது. கசியும் வாயு காற்றைவிடக் கனமாகையால் தரையில் தேங்கும், மேலே உள்ள விசிறி அதை எட்டாது.

நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் செம்பழுப்பு வாயுவும் காற்றைவிடக் கனமானது. அதைச் சுவாசித்தவர் அன்று நன்றாக இருந்து, மறுநாள் மூச்சு முட்டி விழலாம். ஆகவே அந்த வேலையை வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. உறிஞ்சும் குழாய் போட்டுத்தான் செய்வேன் என்றால் பிளாஸ்டிக் குழாயும் அமிலம் தாங்கும் விசிறியும் தனியாக வேண்டும். மெருகு மோட்டாரின் பஞ்சுத்தூசி போகும் குழாயோடு அதை இணைத்தால் தீப்பற்றக்கூடும். ஊதிய நகையின் கறுப்பை எடுக்க, நம் பத்தர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திய புளித்தண்ணீரோ, சூடாக்கிய சிட்ரிக் அமிலக் கரைசலோ பெரும்பாலும் போதும். நேரம் சற்றுக் கூடும், அவ்வளவே. எதுவானாலும் நகையை முதலில் தண்ணீரில் ஆற்றிவிட்டுப் பிறகு இடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் அமிலத் துளிகள் ஆவியோடு முகத்தில் தெறிக்கும். சயனைடு உப்பு எந்த வடிவிலும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அமிலம் பட்டால் அது வாயுவாகிக் கொல்லும்.

துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வதால் இவற்றில் எதுவும் நிற்காது. மருந்துக்கடை முகக்கவசமும் வாயுக்களைத் தடுக்காது.

எல்லாம் பொருத்திய பிறகு அந்தப் பத்தர் வீட்டில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பொடி வைத்து ஊதும் இடத்தில் பிடித்துப் பார்த்தோம். புகை கோடு போட்டதுபோல் உறிஞ்சும் வாய்க்குள் போனது. பிறகு பக்கத்துச் சமையலறை விசிறியை ஓடவிடச் சொன்னேன். புகை தயங்கித் திரும்பி அவர் முகத்தை நோக்கி வந்தது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லாததால், இரண்டு விசிறிகளும் ஒரே காற்றுக்குப் போட்டியிட்டன. அவருக்குப் பின்னால் பக்கவாட்டில் இருந்த சன்னலின் கீழ்க்கதவைக் கையகலம் திறந்ததும் புகை மறுபடி வாய்க்குள் திரும்பியது. அந்தக் கதவு இனிச் சாத்தப்படாதபடி அவர் மகன் அன்றைக்கே ஒரு கட்டையை ஆணியடித்துவிட்டார். விசிறி இறக்கையில் தூசி படிந்தால் இழுவை குறையும் என்பதால், மாதம் ஒரு முறை, சமையலறை விசிறியை ஓடவிட்டபடியே, அதே ஊதுபத்திச் சோதனையை அவர்கள் செய்து வருகிறார்கள்.