ஒரு கோப்பை பாஸ்தா எத்தனை கிராம்?

தண்ணீரின் கன அளவு தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். உலர்ந்த பாஸ்தாவுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. அமெரிக்கச் சமையல் குறிப்புகள் சொல்லும் கோப்பை ஏறக்குறைய 237 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் அரிசி வடிவ ஓர்சோவை நிரப்பினால் சுமார் 170 கிராமும், வளைந்த சிறு மக்ரோனியை நிரப்பினால் சுமார் 105 கிராமும், பட்டாம்பூச்சி வடிவ ஃபார்ஃபாலேயை நிரப்பினால் சுமார் 70 கிராமும் பிடிக்கும்.

இவை மூன்றும் பெரும்பாலும் துரம் கோதுமை ரவையை நீர் விட்டுப் பிசைந்து, ஈரம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சாதபடி உலர்த்தியவையே. துண்டின் திண்மப் பகுதியை மட்டும் கணக்கிட்டால், எந்த வடிவமானாலும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம் இருக்கும். இடைவெளியே இல்லாமல் அடைக்க முடிந்தால் அந்தக் கோப்பையில் 330 கிராம் அடங்கியிருக்க வேண்டும். ஆகவே ஓர்சோ கோப்பையில் பாதியளவும், மக்ரோனி கோப்பையில் மூன்றில் இரண்டு பங்கும், ஃபார்ஃபாலே கோப்பையில் ஐந்தில் நான்கு பங்கும் காற்றுதான். கோப்பையால் அளப்பவர் பாஸ்தாவோடு காற்றையும் சேர்த்தே அளக்கிறார்.

திண்மம் அடைத்துக்கொள்ளும் இந்தப் பங்கைப் பொதிவுத் திறன் என்பர். ஒரே அளவுள்ள கோளங்களை ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் இடத்தில் சுமார் 64 சதவீதம் நிரம்பும். கோளத்தைச் சற்றே நீட்டினால் பொதிவு கூடுகிறது என்பது வியப்பான உண்மை. ஆனால் மேலும் நீண்டு குச்சியாகிவிட்டால், ஒன்றின் குறுக்கே ஒன்று கிடந்து நகரவிடாமல் தடுப்பதால் பொதிவு சரிகிறது. பென்னே, மக்ரோனி போன்ற குழல்களில் இதோடு உட்புறத் துளையும் சேர்கிறது. வேறொரு துண்டு நுழைய முடியாத அந்த வெற்றிடம், எவ்வளவு குலுக்கினாலும் குறையாது.

பாத்திரத்தின் சுவருக்கும் இதில் பங்குண்டு. சுவரை ஒட்டிய துண்டுகள் நெருங்கி அமைய முடியாததால் அங்கே இடைவெளி மிகும். துண்டு பெரிதாகவும் கோப்பை சிறிதாகவும் இருந்தால் இந்த இழப்பு அதிகம். அரைக் கோப்பையால் இரண்டு முறை அளந்தது, முழுக் கோப்பையால் ஒரு முறை அளந்ததைவிட எடையில் குறைந்து நிற்கக்கூடும்.

ஸ்பகெட்டியை எந்தக் கோப்பையாலும் அளக்க முடியாது. கட்டின் விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இணையாக அடுக்கிய உருளைகள் அதிகபட்சம் 90.7 சதவீத இடத்தை நிரப்பலாம். கையில் பிடித்த கட்டில் அது சற்றுக் குறையும். 25 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட கட்டு இந்தக் கணக்கில் 90 கிராம் அளவுக்கு வரும். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும் என்பதால், கண்ணளவில் எடுப்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே எடுத்துவிடுகிறார்கள்.

தராசு இல்லாதபோது நம்பத்தக்க வழி, எடை அச்சிட்ட பொட்டலம் முழுவதையும் அளவுக் குவளையில் கொட்டிப் பார்ப்பது. 500 கிராம் பாஸ்தா 1,200 மில்லிலிட்டர் வரை நின்றால், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 42 கிராம். அந்த எண் அந்த வடிவத்துக்கும் அந்தத் தயாரிப்புக்கும் மட்டுமே பொருந்தும். குழலின் சுவர் சற்றுத் தடித்தாலே அதை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.