தொலைதூர கவுண்டியில் டிராஃபிக் டிக்கெட்: கலிஃபோர்னியாவில் எங்கே தேடுவது, எப்படி முடிப்பது

நீண்ட வார இறுதி வந்தால் சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் டெத் வேலிக்கோ மம்மத் லேக்ஸுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். 395-ஆம் எண் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் ஆளரவம் இருக்காது. நடுநடுவே லோன் பைன், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன் என்று சின்ன ஊர்கள் வரும். ஊர் எல்லையில் வேகவரம்பு மளமளவென்று இறங்கும். அதைக் கவனிக்காமல் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. வீடு திரும்பி டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் கோர்ட் பல மணி நேரத் தொலைவில் இருக்கும். அவ்வளவு தூரம் யார் போவது என்று சிலர் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் டிராயரில் போட்டு மறந்துவிடுகிறார்கள். முதலாவது பல நேரம் அவசரம்; இரண்டாவது ஆபத்து. சாதாரண டிக்கெட்டை எதிர்த்து வாதாடுவதைக்கூட வீட்டில் இருந்தபடியே தபாலில் செய்ய கலிஃபோர்னியாச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

முதலில் டிக்கெட்டைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். ஹைவே பேட்ரோல், ஷெரிஃப், ஊர் போலீஸ் இவர்களில் யார் கொடுத்திருந்தாலும் வழக்கு அந்தந்த கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகும். யோசெமிட்டி, டெத் வேலி மாதிரி தேசியப் பூங்காவுக்குள் ரேஞ்சர் எழுதிக் கொடுத்தது என்றால் அது மத்திய அரசின் வழக்கு. அதை கவுண்டி கோர்ட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இப்படிப்பட்ட டிக்கெட்டுகளைக் கையாளும் சென்ட்ரல் வயலேஷன்ஸ் பியூரோவின் இணையதளத்தில் இடக்குறியீட்டையும் டிக்கெட் எண்ணையும் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபைனோடு 30 டாலர் செயலாக்கக் கட்டணமும் உண்டு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வாரக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, எந்த கவுண்டி என்பது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி கோர்ட், தனி இணையதளம், தனி ரெக்கார்டு. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டிக்கெட்டைத் தேடும் ஒரே இடம் என்று எதுவும் கிடையாது. டெத் வேலியும் லோன் பைனும் பிஷப்பும் இன்யோ கவுண்டியில் இருக்கின்றன. பிஷப்பைத் தாண்டி மம்மத்துக்கு ஏறும் வழியில் மோனோ கவுண்டி தொடங்கிவிடும். தெற்கே இன்யோகெர்ன் என்று ஓர் ஊர். பெயரைப் பார்த்து இன்யோ என்று நினைத்துவிடாதீர்கள், அது கெர்ன் கவுண்டி. டிக்கெட் தொலைந்துபோயிருந்தால், எந்த ஊருக்கு அருகில் நிறுத்தினார்கள் என்று கூகுள் மேப்பில் பார்த்து கவுண்டியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த கோர்ட்டின் டிராஃபிக் பிரிவுக்குப் போன் செய்து, பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் சொன்னால் தேடித் தருவார்கள். இன்யோ, மோனோ எல்லாம் மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடாத கவுண்டிகள். அலுவலகம் சின்னது என்பதால் காலையிலேயே கூப்பிடுவது நல்லது.

தேடியும் வழக்கு வரவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் கோர்ட்டின் கணினியில் ஏறவே சில வாரங்கள் பிடிக்கும். டிக்கெட்டில் உள்ள கடைசித் தேதி நெருங்கியும் வரவில்லை என்றால், அந்தத் தேதிக்கு முன்பே கோர்ட்டைத் தொடர்புகொண்டு விசாரித்துவிடுங்கள்.

டிக்கெட்டின் அடிப்பகுதியில்தான் முக்கியமான விஷயங்கள் இருக்கும்: கோர்ட்டின் முகவரி, எந்தத் தேதிக்குள் ஆஜராக வேண்டும் என்பது, அதற்கு மேலே உங்கள் கையெழுத்து. அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆஜராவேன் என்ற வாக்குறுதி மட்டும்தான். கோர்ட்டில் இருந்து ஃபைன் தொகையைச் சொல்லும் நினைவூட்டல் கடிதம் வழக்கமாக வரும். ஆனால் அது டிக்கெட்டில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வருடா வருடம் அப்பார்ட்மென்ட் மாற்றுகிறவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். கடிதம் வரவில்லை என்பதைக் கோர்ட் ஒரு காரணமாக ஏற்காது. வீடு மாறினால் பத்து நாளுக்குள், லைசென்ஸ் கொடுக்கும் மாநில மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி-க்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நிலுவையில் டிக்கெட் இருந்தால் கோர்ட்டுக்கும் தனியாகச் சொல்லுங்கள்.

அதே டிக்கெட்டில் ‘திருத்தக்கூடியது’ என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்திருந்தால் வேலை சுலபம். எரியாத விளக்கு, காலாவதியான ரெஜிஸ்ட்ரேஷன் போன்றவை இதில் வரும். சரிசெய்து, போலீஸிடமோ டிஎம்வி-யிலோ கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 25 டாலரோடு அனுப்பினால் முடிந்தது.

வேகத்துக்கான டிக்கெட்டுக்கு வருவோம். வரம்பைவிட மணிக்கு 15 மைல் வரை கூடுதலாகப் போனதற்கு அடிப்படை ஃபைன் 35 டாலர்தான். அதன்மேல் மாநிலம், கவுண்டி, கோர்ட் என்று ஆளுக்கொரு கட்டணம் ஏற, கடைசியில் 240 டாலர் வாக்கில் வந்து நிற்கும். 26 மைலுக்கு மேல் என்றால் 490 டாலரை நெருங்கும். இதைவிடப் பெரிய செலவு, தவறுக்கான குறியாக லைசென்ஸில் ஏறும் ஒரு பாயின்ட். அது மூன்று வருடம் நிற்கும், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் ஏற்றிவிடும்.

பாயின்ட் வெளியே தெரியாமல் இருக்க டிராஃபிக் ஸ்கூல் வழி இருக்கிறது. ஃபைன் முழுவதையும், 50 டாலரைச் சற்றுத் தாண்டிய நிர்வாகக் கட்டணத்தையும் கோர்ட்டில் கட்டிவிட்டு, டிஎம்வி அனுமதித்த பள்ளி ஒன்றில் ஆன்லைனில் படித்து முடிக்கலாம். பள்ளிக்கான கட்டணம் தனி. 18 மாதத்துக்கு ஒருமுறைதான் இந்தச் சலுகை. வரம்பைவிட 25 மைலுக்கு மேல் கூடுதலாகப் போயிருந்தால் நீதிபதி அனுமதித்தால்தான் உண்டு. பணத்தைக் கட்டும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். வெறும் ஃபைனை மட்டும் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வழக்கு முடிந்துவிடும்.

தவறு உங்கள் மேல் இல்லை என்று உறுதியாக நினைத்தால் எழுத்து மூலம் விசாரணை கேளுங்கள். தூரத்துக்குப் பயந்து விட்டுக்கொடுப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். டிஆர்-205 என்ற படிவத்தை நிரப்பி, கடைசித் தேதிக்குள், ஃபைன் தொகையையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் தரப்பு வாக்குமூலம், போட்டோ, வரைபடம் எல்லாம் இணைக்கலாம். டிக்கெட் கொடுத்த அதிகாரியும் தன் தரப்பை எழுதி அனுப்புவார். நீதிபதி இரண்டையும் படித்துத் தீர்ப்பைத் தபாலில் அனுப்புவார். ஜெயித்தால் கட்டிய பணம் திரும்ப வரும். தோற்றாலும், தீர்ப்பு அனுப்பிய நாளில் இருந்து 20 நாளுக்குள் டிஆர்-220 படிவம் கொடுத்தால் முதலில் இருந்து புதிய விசாரணை கிடைக்கும். குடிபோதை வழக்குக்கும், நேரில் ஆஜராகியே தீர வேண்டிய வழக்குக்கும் இந்த வழி கிடையாது.

எழுதும்போது கவனம் வேண்டும். ‘65 மைல் சாலையில் நான் 72-ல்தான் போனேன், 80 இல்லை’ என்று எழுதினால் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். டிக்கெட்டில் இருக்கும் பிரிவு எண்ணைப் பார்த்து அதற்கு ஏற்ப எழுதுங்கள். 22349 என்றால் அது மாநிலத்தின் உச்ச வேகவரம்பு. ‘சாலை காலியாக இருந்தது’ என்ற வாதம் அங்கே செல்லாது. 22350 என்றால் சூழ்நிலைக்குப் பொருந்தாத வேகம் என்று குற்றச்சாட்டு. இதில் பகல் வெளிச்சம், காய்ந்த சாலை, ஆள் நடமாட்டம் இல்லாதது எல்லாமே உங்கள் பக்கம் பேசும். அதனால் போட்டோவில் சாலையும் வேகப் பலகையும் தெளிவாகத் தெரிவது முக்கியம்.

தவறு உங்களுடையதுதான், ஆனால் கட்டப் பணம் இல்லை என்றால் ‘மை சைடேஷன்ஸ்’ என்ற அரசு இணையதளம் எல்லா கவுண்டிக்கும் இருக்கிறது. வருமானத்தைக் காட்டி விண்ணப்பித்தால் ஃபைன் பாதியோ அதற்கு மேலோ குறைய வாய்ப்பு உண்டு. தவணை, கூடுதல் அவகாசம், சமூக சேவையும் கேட்கலாம். உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமல் ஏற்றோதான் விண்ணப்பிக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஆஜராகாததற்காக முன்பு லைசென்ஸையே முடக்கினார்கள். 2023 ஜனவரி முதல் அந்த வழக்கம் இல்லை. கூடுதல் அபராதமும் 300 டாலராக இருந்தது, இப்போது அதிகபட்சம் 100. இதைக் கேட்டுவிட்டு சும்மா இருந்துவிடலாம் என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. வாக்குறுதி கொடுத்துவிட்டு வேண்டுமென்றே ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம். வெறும் ஃபைனோடு முடியவேண்டியது அங்கே கிரிமினல் வழக்காக மாறும், வாரண்ட் வரைக்கும் போகலாம். விசாவில் இருப்பவருக்கு அந்த வாரண்ட் எந்த ஃபைனையும்விடப் பெரிய தொல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது போன்ற வழக்கு என்றால் இந்தக் கட்டுரையை நம்பி இறங்காமல் வக்கீலைப் பாருங்கள்.

‘உங்கள் டிக்கெட் நிலுவையில் இருக்கிறது, உடனே கட்டுங்கள்’ என்று டிஎம்வி பெயரில் மெசேஜ் வந்தால் அந்த லிங்கைத் தொடாதீர்கள். டிஎம்வி அப்படிப் பணம் கேட்பதில்லை. ரெக்கார்டு தேடித் தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் தனியார் தளங்களும் தேவையில்லை. உங்கள் ஓட்டுநர் ரெக்கார்டை டிஎம்வி இணையதளத்திலேயே 2 டாலருக்குப் பார்க்கலாம்.

வழக்கு முடிந்து ஓரிரு மாதம் கழித்து அந்த ரெக்கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டிராஃபிக் ஸ்கூல் முடித்தும் பாயின்ட் தெரிந்தால் சான்றிதழோடு கோர்ட்டைக் கேளுங்கள். வழக்கு முடிந்ததற்கான கோர்ட் கடிதத்தையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, போலீஸ் எப்போதாவது டிக்கெட் கொடுத்ததுண்டா என்ற கேள்வி வரும். சின்ன கவுண்டி கோர்ட்டிடம் பழைய வழக்கின் நகலை அப்போது கேட்டு அலைவதைவிட, கையில் இருப்பதை எடுத்துக் காட்டுவது எளிது.