"ஓடிப் போயிருச்சு" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, ரத்தக் கழிச்சல். குட்டி நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் என்று அந்த வாடையே சொல்லிவிட்டது. டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வந்த எட்டு வயதுப் பையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், இதுவும் ஓடிப் போயிருமாங்க?" என்று கேட்டான்.

அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வாரத்துக்கு முன்பு இதே மேசையில்தான் அவர்களுடைய ஐந்து மாத நாய் மணி, இதே நோயில் செத்தது. பையனிடம் "கயித்த அத்துக்கிட்டு ஓடிப் போயிருச்சு சாமி" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் தினமும் பள்ளி விட்டு வந்ததும் டவுசர் பையில் பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டு, கீழ்பவானி வாய்க்கால் கரையில் மணியைக் கூப்பிட்டபடியே நடந்திருக்கிறான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பத்தாம் நாளே புதுக் குட்டி வாங்கிவிட்டார்கள். அதே தட்டு, அதே சாக்கு, அதே வேப்பமரத்தடி. டிரிப் ஏற்றிய மறுநாள் விடியலில் அந்தக் குட்டியும் செத்துவிட்டது.

இந்த வருடம் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு இது. இதற்கு மேலும் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு குட்டி வாங்கிக் குடுத்தாச் சரியாப் போயிருமுங்க." இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எப்படிங்க சரியாகும்? பையனுக்கு வேண்டியது மணி. வேன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து, பையின் வாரைக் கவ்வி இழுக்கும் மணி. புதுக் குட்டிக்கு அதெல்லாம் தெரியாது. அது ராத்திரி முழுக்கக் கத்தும், கண்ட இடத்தில் மூத்திரம் பெய்யும். "மணி இப்படிப் பண்ணாது" என்று வீடே அதைத் திட்டும். அப்படி இரண்டே மாதத்தில் "யாராவது இருந்தாச் சொல்லுங்க, குடுத்தர்றோம்" என்று என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு. பையனுக்கும் என்ன புரியும்? போனதைப் பற்றிப் பேசக்கூடாது, வேறொன்று வாங்கிக்கொண்டால் போதும் என்று. அழ வேண்டிய நேரத்தில் அவன் கையில் இன்னொரு பொறுப்பைத் திணிக்கிறீர்கள்.

அப்புறம் பார்வோ. இந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம், அதற்கு மேலும்கூட உயிரோடு கிடக்கும். பினாயிலுக்குச் சாகாது. சிமெண்டுத் தரையென்றால் நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். மண் தரைக்கு வழி கிடையாது. தட்டு, சாக்கு, கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். ஒரு வருடத்துக்காவது அங்கே குட்டி வேண்டாம். அதற்குப் பின்னும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தடுப்பூசியை ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட்டு முடித்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஊசி போட்டாயிற்று என்று நிறுத்தியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

"நாய்க்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று பெயரும் பொறித்து, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டிக்கும் தோட்டத்துக்கும் நாய் காவல் இருந்த ஊர்கள்தானே நம்முடையவும்?

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆட்டுக்குப் பூச்சி மருந்து வேண்டும் என்றார். வாங்கின பிறகும் கிளம்பவில்லை. தோட்டத்துச் சாளை வீட்டில் அவருடைய கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலேயே பதின்மூன்று வருடம் படுத்துக் கிடந்த நாய் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னமும் சாப்பிடும்போது வட்டலின் ஓரமாக ஒரு கவளத்தை ஒதுக்கிவிடுகிறாராம். ஒதுக்கின பிறகுதான் நினைவு வருமாம். வீட்டில் சிரிக்கிறார்கள் என்றார். கடைசியில், "ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தாப் பொழைச்சிருக்குமுங்களா?" என்று கேட்டார்.

பிழைத்திருக்காது. இரண்டு சிறுநீரகமும் அதற்கு முன்பே போய்விட்டன. அதைச் சொன்னதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியை மனசிலேயே போட்டுப் புழுங்காதீர்கள். உங்கள் டாக்டரிடமே வந்து கேளுங்கள். பதில் சொல்வதும் எங்கள் வேலைதான். வீட்டுப் பெரியவர்கள் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், "நாய்தானே" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களுக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் அதிகம். முதலில் ஆழ்ந்த மயக்கம், அதற்குப் பிறகுதான் இதயம் நிற்கும். நாய்க்கு வலி தெரியாது. முடிந்தால் அந்தக் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் வெளியே போய்விட்டால் அதன் கண் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அடக்கம் செய்வதிலும் கவனம் வேண்டும். வாய்க்காலில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் புழங்குகிறார்கள். கிணறு, வாய்க்காலை விட்டுத் தள்ளி, குறைந்தது நாலடிக் குழி வெட்டுங்கள். பாலிதீன் பையைப் பிரித்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சாக ஊசி போட்ட உடலில் மருந்து அப்படியே தங்கியிருக்கும். அதைத் தோண்டித் தின்னும் நாயும் நரியும் சாகும். சத்தியமங்கலம் பக்கத்துக்காரர்கள் காட்டோரம் வீசிவிட்டு வராதீர்கள், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும், பிணம் தின்னும் பாறுக் கழுகுகளுக்கும் அது விஷம். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் யாரும் கட்டிப்பிடித்து அழக்கூடாது, பிள்ளைகளைக் கிட்டேயே விடாதீர்கள். கடியோ கீறலோ இருந்தால், காயத்தில் எச்சில் பட்டிருந்தால், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

அந்தப் பையனின் அப்பா நேற்று போன் செய்தார். பையனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். வேலியோரம் மணியைப் புதைத்த இடத்துக்கும் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். ரொம்ப நேரம் அழுதானாம். பிறகு, "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான். நேற்றுக் காலையில் அந்த இடத்தில் தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுவது தன் வேலை என்று அவனே குடத்தை எடுத்துக்கொண்டானாம்.