நலமுரண்

ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு ஒரு பக்கம் இழுக்க, அவருடைய சொந்த நலன் வேறு பக்கம் இழுக்கும் நிலையே நலமுரண். ஆங்கிலத்தில் 'கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்கிறார்கள். நீதிமன்றத்திலும் கிரிக்கெட் வாரியத்திலும் மருந்து ஆராய்ச்சியிலும் அடிபடும் சொல்தான். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் இந்தச் சொல் அதிகம் தேவைப்படுகிற, ஆனால் யாரும் உச்சரிக்காத இடம் ஒன்று உண்டு. விக்கிப்பீடியாவில் கல்லூரிகளுக்கு இருக்கும் கட்டுரைகள்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது. முதல்வர், கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரைக் கூப்பிடுகிறார். "தம்பி, விக்கிபீடியால நம்ம காலேஜ் பேஜ் ரெண்டு வரில நிக்குது. நல்லா டெவலப் பண்ணிடு." "சரிங்க சார்." அன்றிரவே கல்லூரியின் பெயரிலேயே ஒரு பயனர் கணக்கு பிறக்கிறது. 'இயற்கை எழில் கொஞ்சும் சூழலில், கல்வி வள்ளல் அவர்களால் ஏழை எளிய மாணவர்களின் நலனுக்காகத் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, 100% வேலைவாய்ப்புடன் தலைசிறந்து விளங்குகிறது' என்று கட்டுரை வளர்கிறது. பாதி கல்லூரியின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்டியது. பஸ் ரூட்டும் விடுதி மெனுவும்கூட இடம்பிடிக்கின்றன. இரண்டு நாளில் யாரோ வந்து மொத்தத்தையும் நீக்கி, அந்தக் கணக்கையும் தடுத்துவிடுகிறார்கள். "நம்ம காலேஜைப் பத்தி நாமளே எழுதக்கூடாதா?" என்று முதல்வருக்குக் கோபம்.

அந்த உதவிப் பேராசிரியர் பொய் சொன்னார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அவருக்கு இரண்டு எசமானர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். கலைக்களஞ்சியம் கேட்பது நடுநிலை. சம்பளம் தருபவர் கேட்பது பெருமை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் விற்கிற விவசாயிக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் ஒரே ஆள் தரகு பேசுவதாக நினைத்துப்பாருங்கள். அவர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனாலும் விலை முடிந்தபின் இரண்டு பேருக்குமே உள்ளூர ஒரு சந்தேகம் நிற்கும். தவறு நடப்பதற்கு முன்பே இருக்கிற அந்த நிலைக்குத்தான் நலமுரண் என்று பெயர். 'வேலியே பயிரை மேய்ந்தது' என்ற பழமொழியை இதற்குச் சிலர் சொல்வதுண்டு. பொருந்தாது. அது மேய்ந்தபின் சொல்வது.

சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். லத்தீனில் 'இன்டர் எஸ்ஸே' என்றால் 'இடையில் இருத்தல்'. அதிலிருந்து 'சம்பந்தம் இருக்கிறது', 'பொருட்டாகிறது' என்ற பொருள்கள் கிளைத்தன. இடைக்கால ஐரோப்பியச் சட்டத்தில் அது கடன் திரும்பாததால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு என்றாகி, பிறகு வட்டியாகவும் ஆனது. வங்கிப் பலகையில் 'இன்ட்ரஸ்ட்' என்று பார்ப்பதும், "எனக்கு அதில் இன்ட்ரஸ்ட் இல்லை" என்று வீட்டில் பேசுவதும் ஒரே வேர்தான். 'கான்ஃபிளிக்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல்' என்று பொருள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1908இல் வகுத்த தொழில் நெறிகளில், முரண்படும் நலன்களுக்கென்றே ஒரு விதி இருந்தது. ஒரு வழக்கறிஞர் எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஒரே சமயத்தில் உழைக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. வக்கீல் தொழிலிலிருந்து அரசுப் பதவிகளுக்கும் ஆய்விதழ்களுக்கும் பரவி, கடைசியில் கலைக்களஞ்சியத்துக்கும் இந்தச் சொல் வந்து சேர்ந்தது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உலவுகின்றன. செய்தித்தாள்கள் விரும்புவது 'இரட்டை ஆதாயம்'. அதில் ஒரு குழப்பம் உண்டு. 2018இல் டெல்லி சட்டமன்ற உறுப்பினர்கள் 20 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோதும் 'இரட்டை ஆதாயப் பதவி' என்றே எழுதினார்கள். அது சட்டமன்ற உறுப்பினர் அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியும் வகிக்கலாமா என்ற அரசியல் சட்ட விவகாரம், வேறு சங்கதி. 'ஆதாய முரண்' கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் பணத்தோடு நின்றுவிடுகிறது. தான் படித்த கல்லூரியைத் தூக்கிப் பிடிக்கும் முன்னாள் மாணவருக்குக் காலணா வரும்படி கிடையாது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஆசிரியர் பழைய கல்லூரியின் கட்டுரையில் புகார்களை அடுக்கினால் அவருக்கும் வரும்படி இல்லை. இரண்டு பேருக்குமே நலமுரண் உண்டு. 'நலன்களின் மோதல்' என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. இரண்டு கட்சிகள் தெருவில் மல்லுக்கு நிற்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே சங்கடம் ஒரே ஆளுக்குள் இருக்கிறது.

என் ஓட்டு நலமுரணுக்கு. 'நலம்' என்றதும் உடல்நலம் நினைவுக்கு வருகிறதே என்று கேட்கலாம். ஆனால் பொதுநலம், சுயநலம், பொதுநல வழக்கு என்று நாம் நாள்தோறும் சொல்லும்போது அதே 'இன்ட்ரஸ்ட்'தான் நலமாக வருகிறது. பொதுநலமும் சுயநலமும் ஒரே ஆளிடம் எதிரெதிராக நிற்பது நலமுரண் என்றால் யாருக்கும் புரியும். 'முரண்' பழைய சொல். தொல்காப்பியத்தில் முரண் தொடை இருக்கிறது. குறளில் 'முரண் சேர்ந்த மொய்ம்பினவர்' என்று பகையும் வலிமையும் சேர்ந்த பொருளில் வருகிறது. பிள்ளைகள் முரண்டு பிடிப்பதும் இதன் உறவுதான். நலம், முரண் இரண்டும் சேரும்போது ஒரு மகரம் கெட்டு நலமுரண் ஆகிறது. நலன்முரண் என்றும் எழுதுகிறார்கள். அறம் அறன் ஆவதுபோல், கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத கடைப்போலி அது, தவறில்லை.

கலைக்களஞ்சியத்துக்குத் திரும்பினால், விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் பலர் நினைக்கிற அளவுக்குக் கறாரானது அல்ல. தன்னைப் பற்றியோ, குடும்பம், நண்பர், முதலாளி, வாடிக்கையாளர் பற்றியோ நேரடியாகத் திருத்த வேண்டாம் என்று வலியுறுத்துகிறது, அடியோடு தடுக்கவில்லை. சம்பளமோ கூலியோ வாங்கிக்கொண்டு எழுதுபவர்களுக்குத்தான் கறார். 2014 ஜூன் முதல், யாருக்காக, யாரிடம் பணம் பெற்று எழுதுகிறோம் என்பதை அறிவிப்பது விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே கட்டாயம். தன் பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்திலோ, திருத்தத்தோடு எழுதும் சுருக்கக் குறிப்பிலோ சொல்லலாம். ஊத்தங்கரை உதவிப் பேராசிரியர் தன் பாடத்தைப் பற்றி ஓய்வு நேரத்தில் எழுதினால் அறிவிக்க ஒன்றுமில்லை. முதல்வர் சொல்லி, வேலையின் ஒரு பகுதியாகக் கல்லூரிக் கட்டுரையில் கை வைத்தால் அறிவித்தே ஆக வேண்டும். கல்லூரியின் பெயரில் கணக்கு வைத்து நான்கு பேர் பகிர்ந்துகொள்வதற்கும் இடமில்லை. ஒரு கணக்கு, ஓர் ஆள்.

கல்லூரிக் கட்டுரை விஷயத்தில் இவ்வளவு கவனம் எதற்கு என்பவர்கள் ஐஐபிஎம் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இல்லாத அந்த மேலாண்மைப் பள்ளி, பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்து மாணவர்களைச் சேர்த்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதன் கட்டுரையில் சாதகமானதை ஏற்றி, பாதகமானதை இறக்கிவந்தவர் சாதாரணப் பயனர் அல்ல, விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளில் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து 2015 பிப்ரவரியில்தான் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவரைத் தடை செய்தது. அதற்குள் அந்தப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டிய குடும்பங்களும் இருந்திருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரூரிலும் பாலக்கோட்டிலும் ஒரு தகப்பன் மகளுக்காகக் கல்லூரி தேடி போனைத் தட்டும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிப்பீடியாதான்.

அப்படியானால் கல்லூரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. எழுத்துப்பிழை திருத்தலாம். எவனோ விளையாட்டாக எழுதிவைத்த கெட்ட வார்த்தையை நீக்கலாம். மற்றதற்கெல்லாம் 'தொகு' பொத்தானை விட்டு 'உரையாடல்' பொத்தானுக்குப் போவது நல்லது. அங்கே எழுத வேண்டியது சின்னதுதான்:

'வணக்கம். நான் இக்கல்லூரியில் பணிபுரிகிறேன். எனக்கு நலமுரண் உண்டு. கட்டுரையில் தருமபுரி மாவட்டம் என்று உள்ளது. 2004 பிப்ரவரி முதல் ஊத்தங்கரை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அரசு இணையதள இணைப்பு தந்துள்ளேன். சரிபார்த்து மாற்ற வேண்டுகிறேன்.'

நம் பகுதிக் கட்டுரைகளில் இந்தப் பிழை சகஜம். 1965 வரை சேலம், பிறகு தருமபுரி, பிறகு கிருஷ்ணகிரி என்று ஊர் நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த இடங்கள் இங்கே உண்டு. இதுபோன்ற கோரிக்கையை யாரும் மறுக்க மாட்டார்கள். 'கல்வி வள்ளல்' என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள், 'யார் சொன்னது, எந்த நாளிதழ்?' என்று கேள்வி வரும். கல்லூரியின் சொந்த விளம்பர ஏடு அதற்கு விடையாகாது. போராட்டமோ வழக்கோ நாளிதழில் வந்து, அது கட்டுரையிலும் ஏறியிருந்தால், சத்தமில்லாமல் அழிப்பது எல்லாவற்றையும்விட மோசமான வழி. வரலாற்றுப் பக்கத்தில் எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எந்த வரியை எடுத்தது என்பது அப்படியே இருக்கும். தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாக வந்திருந்தால் அந்தச் செய்தியின் இணைப்பை உரையாடல் பக்கத்தில் கொடுத்து, சேர்க்கும்படி கேட்கலாம்.

பயன்படுத்தும் முறை பற்றி ஒரு குறிப்பு. 'நலமுரண் செய்தார்' என்பது பிழை. அது செய்கிற காரியம் அல்ல. 'அவருக்கு நலமுரண் உண்டு', 'நலமுரணை அறிவித்தார்', 'நலமுரணை மறைத்தார்' என்று எழுதலாம். இவற்றில் குற்றச்சாட்டாக நிற்பது கடைசியாகச் சொன்னது மட்டும்தான்.