நீலக் கார்பன் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். பெண் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள். கையில் பளபளவென்று ஒரு சான்றிதழ். கடலோரக் காலநிலைத் தகவமைப்பு, கார்பன் சேமிப்பு இரண்டிலும் தேர்ச்சி பெற்ற நிபுணர் என்று அச்சடித்திருந்தது. ஒரு சனி, ஞாயிறு கைபேசியில் பாடம் கேட்டதற்கு இந்தப் பட்டம். கட்டணம் கட்ட நகை அடகுக்குப் போயிருக்கிறது. "இதை வெச்சு வேலைக்குப் போகலாங்களா சார்?" என்று அப்பா கேட்டார். கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதை ஓதம் என்போம். ஓதம் ஏறியிருக்கும்போது மண் மாதிரி எடுப்பாயா, வற்றியிருக்கும்போது எடுப்பாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஓதத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை என்றாள். அவள் மேல் குற்றமில்லை. சொல்லித் தராமல் பணம் வாங்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளில் மண்ணெடுத்துக் கார்பன் அளப்பதும், அதைப் பிறருக்குக் கற்றுத் தருவதும் என் தொழில். கடலோரச் செடிகளும் சேறும் பிடித்து வைக்கும் கார்பனைத்தான் நீலக் கார்பன் என்கிறோம். வீடு வேலூரில், வேலை பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம். ஆம்பூர், ஆற்காடு, காட்பாடி என்று இதே மாதிரிச் சான்றிதழோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரிடமும் ஒரே நம்பிக்கை: கன்று நட்டால் கார்பன் சேர்ந்துவிடும். கடற்கரைக்குப் போனோம், ஆயிரம் கன்று நட்டோம், இத்தனை டன் மிச்சம் பிடித்தோம் என்று மேடையில் பேசுகிறார்கள். தயவுசெய்து ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். முதல் சில ஆண்டுகளில் ஒரு கன்று பிடித்து வைக்கும் கார்பன் சொற்பம். அலையாத்திக் காட்டின் இருப்பு பெரும்பாலும் மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. இந்தோ-பசிபிக் பகுதிக் காடுகளைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வில் சராசரியாக ஹெக்டேருக்குச் சுமார் 1,000 டன் கார்பன் என்று கணக்கிட்டார்கள். அதில் பாதி முதல் 98 சதவீதம் வரை மண்ணுக்குள் இருந்தது. (இந்த எண்ணை அப்படியே தமிழ்நாட்டுக்கு எடுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அங்கே சில இடங்களில் சேறு மூன்று மீட்டருக்கும் மேல் ஆழம். நம் இடத்தை நாம்தான் அளக்க வேண்டும்.) உதிர்ந்த இலையும் செத்த வேரும் ஆறு கொண்டுவரும் வண்டலும் காற்றுப் புகாத சேற்றில் நூற்றாண்டுக் கணக்கில் அடங்கிக் கிடக்கின்றன. அங்கே இறால் குட்டை வெட்டினால் அந்தச் சேறு காற்றுப் பட்டு, சேர்ந்தது வெளியே போய்விடும். ஆகவே, இருக்கும் காட்டில் ஒரு குட்டையை வெட்டவிடாமல் தடுத்தவர், கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டவரைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறார்.

அடுத்தது இடம். நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். தரை ஒரு சாண் மேடானாலும் பள்ளமானாலும் செடியின் கதை மாறிவிடும். பள்ளத்தில் நட்டால் நாளெல்லாம் தண்ணீரில் மூழ்கி, தண்டு முழுக்கக் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டிக்கொண்டு சாகும். பிலிப்பைன்சிலும் சுனாமிக்குப் பின் இலங்கையிலும் பெரும்பணம் இப்படித்தான் போனது. சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் நீண்ட விதைக்குச்சியைச் சேற்றில் குத்துவது சுலபம் என்பதால், உப்பேறிய தரையிலும் அதையே குத்துகிறார்கள். அந்தத் தரைக்கு வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரம்தான் ஏற்றது. இன்னும் சிலர் பறவைகள் இரைதேடும் வெறும் சேற்றுத் திட்டிலும் கடற்புல் படுகையிலும் நடுகிறார்கள். அது நன்மையே இல்லை.

பிச்சாவரத்தில் காடு ஏன் அழிந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்து முறைப்படி பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டுத் தரை அமுங்கித் தொட்டி மாதிரி ஆனது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பப் போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறியது. பிறகு 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தன. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவில். ஓதம் போய்வரத் தொடங்கிய பின்தான் வாய்க்கால் சரிவில் கன்று வைத்தார்கள். அந்த வாய்க்கால்களைத் தூர்வாராமல் விட்டால் பழைய கதை திரும்பும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வாய்க்கால்களைத்தான்.

மண்ணெடுப்பதைப் பாருங்கள். முழங்கால் சேற்றில் நின்று குழாயை அழுத்தி இறக்குவோம். இறங்க இறங்க உள்ளே சேறு அமுங்கும். குழாய்க்கு வெளியே உள்ள சேற்று மட்டத்துக்கும் உள்ளே உள்ள மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பதியாமல் விட்டால் ஆழக் கணக்கு முழுதும் பொய். குழாயைத் திறந்ததும் கருகருவென்று சேறு, அழுகின முட்டை நாற்றம், மயிர் போல வேர்கள். துண்டு துண்டாக வெட்டி 60 டிகிரியில் காயவைத்து எடை பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு துளி அமிலம் விட்டால் சில துண்டுகள் நுரைக்கும். சிப்பி, நத்தை ஓட்டுத் துகள். அந்தச் சுண்ணாம்புக் கார்பனைக் கழிக்காமல் கூட்டிவிட்டால் எண் அழகாக வரும், உண்மையாக வராது. கைபேசிப் பாடத்தில் இந்த நாற்றம் வராது, இந்த நுரையும் தெரியாது.

கடலே இல்லாத வேலூருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் பாலாற்றைக் காட்டுவேன். நந்தி மலையில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகப் போய்க் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. இங்கே அள்ளிய மணல் அங்கே கரைக்குப் போய்ச் சேராது. நன்னீர் வராவிட்டால் முகத்துவாரத்தில் உப்புநீர் நிலத்துக்குள் ஏறும். வயலூரில் தடுப்பணை கட்டியதே அதைத் தடுக்கத்தான். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதையும் நமக்குத் தெரியும், உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அந்த வண்டலும் அழுக்கும் எங்கே போனது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் கடலோர வேலைக்குத் தேவை.

சரி, பணம் கட்டும் முன் கேளுங்கள். களத்தில் எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். களமே இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். கற்பிப்பவர் எந்தக் காட்டில் மண்ணெடுத்தார், அந்த அறிக்கையைக் காட்டுவாரா என்று கேளுங்கள். ஒரு டன் கார்பன் என்பது ஏறத்தாழ 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. இரண்டையும் குழப்பிப் பேசுபவரிடம் படிக்காதீர்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், சென்னையில் தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம் போன்ற இடங்களில் என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அலையாத்திக் காடு சேமிக்கும் கார்பனில் பங்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் அரசின் காப்புக்காடுகள், அங்கே விற்க அவருக்கு உரிமையே கிடையாது. வெளிநாட்டில் பதிவான திட்டம் என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கார்பன் திட்டங்களைப் பதியும் பெரிய பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண் தர மறுத்தால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கன்று நடக் கூட்டிப்போகும் முன் அந்த வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அனுமதி கேளுங்கள், அந்த இடத்தில் ஓதம் ஏறி இறங்குகிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் கன்று வாங்காதீர்கள். அதற்குப் பதில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட இடத்துக்குக் கூட்டிப்போய், எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.